அத்தியாயம் 7: ‘ஸ்போர்ட்டிங்’, ‘அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக்’ – யார் மேல், எப்போது?

முந்தைய அத்தியாயங்களில் பார்த்த ட்ரிபிளிங், ரீபவுண்ட், ஷாட் கிளாக் எல்லாம் செயலின் பெயர், பொருளின் பெயர். அவற்றைத் தவறாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார், அதோடு போயிற்று. இந்த அத்தியாயத்தில் வருவது பெயரடை. ஓர் ஆளின் மேல் ஒட்டுகிற சொல். அதைத் தவறான ஆள் மேல் ஒட்டினால், அதிலும் சொந்த ஊரில், மைக்கில் ஒட்டினால், சண்டையில்தான் முடியும்.

பெரியகுளத்தை எடுத்துக்கொண்டு இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தேனி மாவட்டத்தில் விளையாட்டு ஆங்கிலம் அன்றாடம் காதில் விழும் இடம் என்றால் அது பெரியகுளம் கூடைப்பந்து மைதானம்தான். சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடைதோறும் நடத்தும் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவு சுழற்கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி அறுபது ஆண்டைத் தாண்டிவிட்டது. சென்னையிலிருந்து வங்கி அணிகள் வரும். கடற்படை, விமானப்படை அணிகள் வரும். மின்னொளியில் நடக்கும் ஆட்டத்தைப் பார்க்க, மாந்தோப்பில் காய் பறித்துவிட்டு வந்தவரும் கடையடைத்துவிட்டு வந்தவரும் கேலரியில் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள். வடநாட்டு ஆட்டக்காரர், வெளியூர் நடுவர், உள்ளூர் மைக் அறிவிப்பாளர், மறுநாள் நாளிதழுக்கு எழுதும் பகுதிநேர நிருபர் ஆகிய நான்கு பேருக்கும் பொதுவாக இருப்பது கொஞ்சம் ஆங்கிலம். அந்தக் கொஞ்சத்தில் மிகவும் இடறுவது இந்தச் சொற்குடும்பம்.

அழுகுணியும் அல்ல, போங்கும் அல்ல

விளையாட்டில் முறைகெட்டு நடப்பவனைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அவுட்டானபின் ஒத்துக்கொள்ளாமல் அடம்பிடித்தால் அழுகுணி ஆட்டம். ஏமாற்றி ஜெயிக்கப் பார்த்தால் போங்கு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ‘அளாப்பாதே’ என்பார்கள். இவை எல்லாம் ஆளின் குணத்தைக் குத்திக் காட்டும் சொற்கள். ‘அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக்’ என்பதைக் கேட்டதும் நம் மனம் நேராக இவற்றில் ஒன்றுக்குத்தான் போகிறது. ‘அந்தப் பையன் போங்கு ஆடிட்டான் போல’ என்று நினைத்துக்கொள்கிறோம்.

அங்கேதான் தவறு. பேச்சு ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பண்பற்ற ஆட்டம் என்ற பொருள் உண்டு, சரி. ஆனால் பன்னாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்புத்தகத்தில், 37-ஆவது பிரிவில், அது ஒரு குறிப்பிட்ட வகை உடல்மோதலுக்கு வைத்த பெயர். தாசில்தார் அலுவலகத்தில் ‘புறம்போக்கு’ என்றால் நிலத்தின் வகை, தெருவில் சொன்னால் வசவு. அதே கதைதான் இங்கேயும். நடுவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது தாசில்தார் அலுவலகப் பொருளில்தான் சொல்கிறார்.

அந்த மோதல் எது? ஸ்கோரர் மேஜையில் நடக்கும் ஒரு பேச்சைக் கேட்டால் தெளிவாகிவிடும் (அங்கே அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக்கைச் சுருக்கி ‘யு’ என்பார்கள்). உள்ளூர்ப் பையன் ஒருவன் நடுக்கோட்டருகே பந்தைத் தட்டிப் பறித்து, எதிராளி கூடையை நோக்கித் தனியாக ஓடுகிறான். முன்னால் ஒருவரும் இல்லை. பின்னாலிருந்து துரத்தி வந்தவன் பனியனைப் பிடித்து இழுக்கிறான். பையன் விழவில்லை, அடியும் படவில்லை. விசில். நடுவர் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, மறுகையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டுகிறார்.

“அண்ணே, சும்மா பனியனத்தான இழுத்தான்? அதுக்குப் போயி யு-வா?”

“பனியன எதுக்குப்பா இழுக்கணும்? பந்து அங்கயா இருக்கு?”

அந்த அண்ணன் சொன்னதுதான் விதியின் சாரம். பந்தை எடுக்க நேர்மையாக முயலாமல் ஆளைத் தொட்டால் அது யு. பந்துக்குத்தான் போனான், ஆனால் மிதமிஞ்சிய வேகத்தில் போய் மோதினான் என்றாலும் யு. எதிரணி வேகமாக முன்னேறும்போது அந்த ஓட்டத்தை நிறுத்துவதற்கென்றே தேவையில்லாமல் தொட்டால் யு. கூடைக்கும் ஓடுகிறவனுக்கும் நடுவே யாரும் இல்லாதபோது, பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ விதிக்குப் புறம்பாகத் தொட்டாலும் யு. கடைசி இரண்டும், ஓடுகிறவன் கூடைக்கு எறியத் தொடங்கும் வரைக்கும்தான். எறியத் தொடங்கிவிட்டால் முதல் இரண்டு அளவுகோல்களைத்தான் நடுவர் எடுப்பார்.

இதில் எங்கேயாவது கெட்ட எண்ணம், வஞ்சகம் என்ற பேச்சு வந்ததா? இல்லை. ஒரு காலத்தில் இந்த ஃபவுலுக்கு ‘இன்டென்ஷனல்’ என்று பெயர் இருந்தது. வேண்டுமென்றே செய்தது என்று பொருள். வேண்டுமென்றா வேண்டாமலா என்பதை ஆட்டக்காரனின் நெஞ்சுக்குள் புகுந்து யாரால் பார்க்க முடியும்? பெயரை மாற்றியதோடு, நடந்த செயலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல் என்று நடுவருக்கும் சொல்லிவிட்டார்கள். மாற்றிய பெயரிலும் ஒழுக்கத்தின் வாடை அடிப்பதுதான் வேடிக்கை. பழைய பெயரே தேவலை என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றும். குறைந்தபட்சம் அது ஆளைத் திட்டுவதுபோல ஒலிக்காது.

மேஜையில் இருப்பவருக்கு

ஸ்கோரர் தாளில் இந்த ஃபவுலை ‘யு’ என்ற எழுத்தாலும், பக்கத்தில் ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையாலும் குறிப்பார். மேலே சொன்ன பனியன் இழுப்புக்கு யு2. எறிந்துகொண்டிருந்தவனைத் தொட்டு, பந்தும் கூடையில் விழுந்திருந்தால் அந்தப் புள்ளி செல்லும், கூடவே ஒன்று; ஆகவே யு1. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து தவறியிருந்தால் யு3. எதுவானாலும் ஃப்ரீ த்ரோ முடிந்ததும் பந்து அதே அணிக்குத்தான். எதிராளியின் கூடைப் பக்கத்துப் பாதியில் உள்ள த்ரோ-இன் கோட்டிலிருந்து உள்ளே போடுவார்கள். அதனால்தான் ஃப்ரீ த்ரோ எறிபவனுக்கு இரு பக்கமும் ரீபவுண்டுக்கு யாரும் வரிசையாக நிற்பதில்லை. புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் குழம்பும் இடம் இது. மைக்கில் ஒரு வரி சொன்னால் கேலரி அடங்கிவிடும்: “நீலம், எட்டாம் எண், அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக், அவருக்கு முதலாவது. இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் மஞ்சள் அணிக்கே.”

‘அவருக்கு முதலாவது’ என்பதை விட்டுவிடாதீர்கள். ஒரே ஆட்டக்காரருக்கு இரண்டு யு விழுந்தால் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றம், தாளில் ஜி.டி. என்று எழுதுவார்கள், அவர் உடைமாற்றும் அறைக்குப் போக வேண்டும். ஒரு யு-வும் ஒரு டெக்னிக்கலும் சேர்ந்தாலும் அதே கதி. அந்த எண்ணிக்கை தெரிந்திருந்தால்தான் அடுத்த விசிலின்போது பயிற்சியாளர் ஏன் பதறி எழுந்தார் என்பது பார்ப்பவருக்குப் புரியும். யு என்பது அவருடைய ஐந்து ஃபவுலிலும் சேரும், அணியின் கணக்கிலும் சேரும்.

‘டெக்னிக்கல்’ என்பது இன்னொரு பெயரடை. தொழில்நுட்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆள் மேல் ஆள் படாமல் நடக்கும் குற்றத்துக்கு அந்தப் பெயர்: நடுவரை எதிர்த்துப் பேசுவது, ஆட்டத்தை வேண்டுமென்று தாமதிப்பது. கைகளை டி வடிவில் வைத்துக் காட்டுவார், ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ. ‘டிஸ்குவாலிஃபையிங்’ என்பது எல்லாவற்றுக்கும் மேலே. இரண்டு கை முஷ்டியும் உயரும். அடிதடி மாதிரியான அப்பட்டமான நடத்தைக்குத்தான் அது.

செல்போனில் என்.பி.ஏ. பார்த்து வளர்ந்த பையன்கள் யு விழுந்ததும் “ஃப்ளேக்ரன்ட்! ஃப்ளேக்ரன்ட்!” என்று கத்துவார்கள். அது அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் சொல், அங்கே அதற்கு இரண்டு படி உண்டு. இந்தியாவில் நடக்கும் ஆட்டம் ஃபிபா விதிப்படி நடப்பது. அறிவிப்பாளர் கேலரியோடு சேர்ந்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட வேண்டாம். 2022 அக்டோபரில் ‘த்ரோ-இன் ஃபவுல்’ என்று புதிதாக ஒன்று வந்தது. கடைசி இரண்டு நிமிடத்தில், பந்து இன்னும் கோட்டுக்கு வெளியே இருக்கும்போது உள்ளே தடுக்கிறவர் ஃபவுல் செய்தால் ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும். அதற்கு முன் அதையும் யு என்றே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய பழக்கத்தில் வாய்தவறும் இடம்.

தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இந்த ஒரு சொல்லை அப்படியே சொல்லுங்கள், அல்லது ‘யு ஃபவுல்’ என்று சுருக்குங்கள். ‘ஒழுங்கீனமான ஃபவுல்’, ‘பண்பற்ற ஃபவுல்’ என்று மைக்கில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பனியனைப் பிடித்த பதினெட்டு வயதுப் பையனின் தாய்மாமன் கேலரியில் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்ப்பீர்கள்.

‘ஸ்போர்ட்டிங்’: புகழ்ச்சியா, கேலியா?

மறுபக்கம் இருப்பது ‘ஸ்போர்ட்டிங்’. விதிப்புத்தகத்தைவிட நாளிதழ் விளையாட்டுப் பக்கத்தில் புழங்கும் சொல். தோற்றாலும் பரவாயில்லை, முறை தவறாமல் ஆடுவேன் என்கிற பெருந்தன்மையைக் குறிப்பது. கிரிக்கெட்டில் அதற்கு எடுத்துக்காட்டாக நம் நாட்டில் முதலில் சொல்லப்படுவது 1980 பிப்ரவரியில் பம்பாய் வான்கடே மைதானத்தில் நடந்த டெஸ்ட். இங்கிலாந்து ஐந்து விக்கெட்டை இழந்து தடுமாறிக்கொண்டிருந்தது. விக்கெட் கீப்பர் பாப் டெய்லருக்கு நடுவர் அவுட் கொடுத்துவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த கேப்டன் ஜி.ஆர். விஸ்வநாத் அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் சேர்த்தார்கள். இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ‘ஸ்போர்ட்டிங் ஜெஸ்ச்சர்’ என்பதற்கு இதைவிடப் பெரிய விலையை யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று தெரியவில்லை.

அதே சொல் பாதி கேலியாகவும் திரும்பும். 1968 மார்ச், போர்ட் ஆஃப் ஸ்பெயின். டிராவில் முடியவிருந்த டெஸ்டில் வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் கேரி சோபர்ஸ் திடீரென்று டிக்ளேர் செய்தார். இங்கிலாந்துக்கு 165 நிமிடத்தில் 215 ரன் இலக்கு. இங்கிலாந்து ஏழு விக்கெட்டில் வென்று, அந்த ஒரே வெற்றியால் தொடரையும் எடுத்துக்கொண்டது. இதையும் ‘ஸ்போர்ட்டிங் டிக்ளரேஷன்’ என்றுதான் சொல்வார்கள். எதிரணிக்கும் ஜெயிக்க ஒரு வழி திறந்துவிடும் டிக்ளரேஷன் என்று பொருள். சொல்பவர் புருவத்தைப் பார்த்துத்தான் புகழ்கிறாரா, பரிதாபப்படுகிறாரா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

‘ஸ்போர்ட்டிங் விக்கெட்’ என்று பிட்ச்சைச் சொன்னால் பந்துவீச்சாளருக்கும் மட்டையாளருக்கும் இரண்டு பேருக்கும் வாய்ப்புள்ள ஆடுகளம். ‘ஸ்போர்ட்டிங் சான்ஸ்’ என்றால் உறுதியில்லை, ஆனாலும் முயன்று பார்க்கத் தக்க வாய்ப்பு. இந்த இரண்டிலும் பெருந்தன்மைப் பேச்சே இல்லை. ‘ஸ்போர்ட்டிங் கூட்ஸ்’ என்று கடைப்பலகையில் பார்த்தால் விளையாட்டுச் சாமான், அவ்வளவே. ஆக, எந்தச் சொல்லின் முன்னால் நிற்கிறது என்பதைப் பார்த்த பிறகே பொருள் கொள்ள வேண்டும்.

ரசிகர்களுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டுக்காரர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். முதுகுவலியோடு 136 ரன் அடித்த டெண்டுல்கர் அவுட்டானபின், இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. எழவு வீடுபோல ஆகியிருக்க வேண்டிய மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டது. ‘எ ஸ்போர்ட்டிங் க்ரவுட்’ என்று எழுத வேண்டிய இடம் அதுதான். பெரியகுளம் கேலரியும் வெளியூர் அணியின் நல்ல பாஸுக்குக் கைதட்டும். அன்று அதை எழுதுங்கள். வெறுமனே கூட்டம் அதிகம் என்பதற்காக எழுதினால் சொல் தேய்ந்துவிடும்.

எது ஸ்போர்ட்டிங், எது இல்லை என்பதில் எல்லோரும் ஒத்துப்போவார்கள் என்று நினைக்க வேண்டாம். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நம் அஸ்வின், பந்து வீசும் முன்பே கிரீஸைத் தாண்டிய ஜோஸ் பட்லரை ரன் அவுட் செய்தார். உலகம் முழுக்க ஒரு கூட்டம் அவரை ‘அன்ஸ்போர்ட்டிங்’ என்றது. விதியில் அது அனுமதிக்கப்பட்டதுதான், ஆனால் ‘அன்ஃபேர் ப்ளே’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது. 2022 அக்டோபரில், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. அந்த விதியை அங்கிருந்து எடுத்து ரன் அவுட் பிரிவில் வைத்துவிட்டது. செயல் மாறவில்லை, தலைப்பு மட்டும் மாறியது. ஒரு பெயரடைக்கு அவ்வளவு கனம் இருக்கிறது. என் கட்சி ஆரம்பத்திலிருந்தே அஸ்வின் கட்சிதான் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். கிரீஸுக்குள் நிற்பது மட்டையாளரின் பொறுப்பு.

கால்பந்து ஆடுகிறவர்களுக்கு ஒரு வரி: அங்கே மஞ்சள் அட்டைக் குற்றங்களில் ஒன்றின் பெயர் ‘அன்ஸ்போர்ட்டிங் பிஹேவியர்’. 1997-இல் விதியைத் திருத்தி எழுதும்வரை ‘அன்ஜென்டில்மேன்லி’ என்று இருந்தது. பெண்களும் ஆடும் ஆட்டத்தில் அந்தச் சொல் எத்தனை நாளைக்கு நிற்கும்? கூடைப்பந்து மட்டும் ‘மேன்’ என்பதைப் பெண்கள் ஆட்டத்திலும் விடாமல் வைத்திருக்கிறது. மகளிர் ஆட்டத்துக்கு என்று வேறு சொல் தேடாதீர்கள். விதிப்படி அதுவே பெயர்.

‘ஸ்போர்ட்டிவா எடுத்துக்க’

‘கிண்டல் பண்ணினா ஸ்போர்ட்டிவா எடுத்துக்கடா’ என்று தேனியிலும் கம்பத்திலும் சொல்லாத கல்லூரிப் பையன் இல்லை. நம் பேச்சில் அது நல்ல தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. தோல்வியையோ கேலியையோ மனதில் வைத்துக்கொள்ளாமல் விடுவது. தமிழில் பேசும்போது தாராளமாகச் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் வங்கியின் விளையாட்டு ஒதுக்கீட்டு நேர்காணலில் “ஐ டேக் டிஃபீட் ஸ்போர்ட்டிவ்” என்று சொன்னால் அதில் இலக்கணப் பிழையும் இருக்கிறது, பொருளும் சறுக்குகிறது. ‘ஸ்போர்ட்டிவ்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் விளையாட்டுத்தனமான, குறும்பான என்று பொருள். இந்தியாவுக்கு வெளியே நம் பொருளில் அது எடுபடாது. “ஐ டேக் இட் இன் குட் ஸ்பிரிட்” என்று சொல்லிப் பழகுங்கள். இன்னொருவரைப் புகழ “ஹி இஸ் எ குட் ஸ்போர்ட்” போதும்.

‘ஸ்போர்ட்டி’ என்பது ஆடை, கார், பைக் இவற்றின் தோற்றத்துக்கு. விடாமுயற்சியுள்ள வீராங்கனையை “ஷி இஸ் வெரி ஸ்போர்ட்டி” என்று சான்றிதழில் எழுதினால், ஓடியாடுவதில் விருப்பமுள்ளவள் என்று மட்டும்தான் படிப்பவர் நினைப்பார். மாநில அணிக்கு ஆடிய பெண்ணுக்கு அது போதாது. உடற்கல்வி ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடத்தைச் சான்றிதழில் “ஹர் கான்டக்ட் ஆன் தி கோர்ட் வாஸ் ஆல்வேஸ் ஸ்போர்ட்டிங்” என்று ஒரு வாக்கியம் எழுதினால் அது கனமான வாக்கியம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அச்சில் அடித்துக் கொடுத்தால் அதற்கும் மதிப்பில்லை.

எழுத்தில் புகார் செய்யும்போது

ஆட்டம் முடிந்த சூட்டில் பலர் செய்வது, ‘நடுவர் அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக்காக நடந்துகொண்டார்’ என்று கடிதம் எழுதுவது. இந்தப் பெயரடை ஆடுகிறவர், பயிற்சியாளர், பெஞ்சில் இருப்பவர் ஆகியோருக்கே உரியது. நடுவர் ஒருபக்கம் சாய்ந்தார் என்பது உங்கள் புகாரானால் ‘பார்ஷியல்’ என்று எழுத வேண்டும், எழுதினால் அதற்கு ஆதாரமும் வேண்டும். அதோடு, யு கொடுத்தது தவறு என்று முறைப்படி ப்ரொட்டஸ்ட் செய்யவும் வழியில்லை. ஸ்கோர் அல்லது நேரக் கணக்கில் திருத்தப்படாத பிழை, ஆட்டத்தை ரத்து செய்வது போன்ற முடிவுகள், தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கியது ஆகியவற்றுக்குத்தான் ஃபிபா விதி இடம் தருகிறது. அதற்கும் ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் கேப்டன் ஸ்கோர் தாளில் அதற்குரிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பெரும்பாலான அணிகள் கோபப்பட்டு முடிப்பதற்குள் அந்த 15 நிமிடம் போய்விடும்.

செய்தி எழுதும் தம்பிகளுக்கு: ஸ்கோர் தாளில் யு என்று இருந்தால் ‘யு ஃபவுல் வழங்கப்பட்டது’ என்று எழுதுங்கள், ‘முரட்டுத்தனமாக ஆடினார்’ என்று எழுதாதீர்கள். முரடு என்று நீங்களே கண்ணால் பார்த்திருந்தால் என்ன நடந்தது என்பதை எழுதுங்கள்: எந்த நிமிடம், யார், எங்கே பிடித்தார், மற்றவர் எழுந்தாரா. அதைப் படித்துவிட்டு எந்தப் பெயரடையைப் போடுவது என்று வாசகரே முடிவு செய்துகொள்வார்.

ஃபிபா விதிப்புத்தகம் சம்மேளனத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். அண்மைப் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். மைக்கோ பேனாவோ எதைப் பிடிப்பதாக இருந்தாலும், அடுத்த கோடைக்கு முன் 36, 37, 38 ஆகிய மூன்று பிரிவுகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சில பக்கம்தான்.